விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை, கையில் அளவான காசு: ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் விடும்வரை வாசலில் நிற்கும் பெற்றோரிடம் பேசிப் பேசியே இந்தப் பக்கம் உருவானது. நாங்கள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மூத்தவன் நெதர்லாந்தில் படித்து முடித்துவிட்டான், இளையவள் வியன்னாவில் படிக்கிறாள். அதனால் "அக்கா, ஒரு விசயம் கேக்கட்டோ" என்று தொடங்கும் பேச்சு எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எண்கள் 2025-26 கல்வியாண்டுக்குரியவை. அவை ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும்.

"ஐரோப்பாவில கம்பஸ் எல்லாம் சும்மாதானே? பிறகேன் இவ்வளவு யோசிக்கிறீங்கள்?"

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு ஜேர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவீடன், பின்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. ஜேர்மனியில் செமஸ்டருக்கு ஒருமுறை சுமார் 100 முதல் 350 யூரோ வரை ஒரு பங்களிப்புக் கேட்பார்கள். பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள் அடங்கும். ஆஸ்திரியாவில் மாணவர் சங்கத்துக்கு ஏறக்குறைய 25 யூரோ. செக் குடியரசிலும் போலந்திலும் அந்த நாட்டு மொழியில் படித்தால் இலவசம்.

மற்ற நாடுகளிலும் பெரிய தொகை இல்லை. பிரான்சில் முதல் பட்டத்துக்கு ஆண்டுக்கு 178 யூரோ, கூடவே மாணவர் வாழ்க்கைப் பங்களிப்பு 105. பெல்ஜியத்தில் ஆயிரத்தை ஒட்டி. நெதர்லாந்தில் 2,601. அயர்லாந்தில் 2,500. இந்த 2,601 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் நெதர்லாந்தை வேண்டாம் என்கிறார்கள். மாதக் கணக்கில் பிரித்தால் அது 217 யூரோ. ஒரே நாட்டுக்குள் இரண்டு நகரங்களின் அறை வாடகை அதைவிடக் கூடுதலாக வேறுபடும். கட்டணத்தைச் சுற்றியே பேசிப் பேசி வாடகையையும் மொழியையும் மறந்துவிடுகிறோம். என் அனுபவத்தில் செலவைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான்.

"பிள்ளை பிறந்தது வளந்தது எல்லாம் இங்கதான். ஆனா பாஸ்போர்ட் இன்னும் இலங்கை. அவன் ஐரோப்பிய மாணவன் தானே?"

இருக்கும் நாட்டில் பெரும்பாலும் ஆம், வேறு நாட்டில் பெரும்பாலும் இல்லை. மற்றக் கேள்விகளுக்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கட்டணங்கள் எல்லாம் குடியுரிமையைப் பார்த்துத் தரப்படுபவை. பிள்ளை எங்கே பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் டென்மார்க் 2006 இலிருந்தும், சுவீடன் 2011 இலிருந்தும், பின்லாந்து 2017 இலிருந்தும், நோர்வே 2023 இலிருந்தும் கட்டணம் வாங்குகின்றன. நெதர்லாந்தில் அது பல மடங்கு. ஜேர்மனியில் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து முதல் பட்டத்துக்கு செமஸ்டருக்கு 2,000 முதல் 3,000 வரை வாங்குகிறது.

பிரான்சில் பிறந்த பிள்ளைக்கு வெளிநாட்டுப் பெற்றோர் 13 வயதிலிருந்து குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கலாம், 16 வயதில் பிள்ளை தானே கேட்கலாம். வதிவிட நிபந்தனைகள் சரியாக இருந்தால் 18 இல் தானாகவே வரும். "பதினெட்டில வரும்தானே" என்று விட்டுவிடுபவர்கள் பலர். ஆனால் வெளிநாட்டு விண்ணப்பம் 17 வயதிலேயே போகிறது. அந்த நேரத்தில் கையில் பிரெஞ்சு அடையாள அட்டை இருந்தால் ஒரு பெரிய தலையிடி இல்லை. குடியுரிமை இல்லாமலே பிரான்சில் படிப்பதென்றால், பெற்றோர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வரி அறிக்கை கொடுத்து வந்திருந்து, பிள்ளையின் பெயரும் அதில் இருந்தால் கூடிய கட்டணம் கேட்கமாட்டார்கள்.

"லண்டனில மாமா வீடு இருக்கு. சாப்பாடும் அங்க. அங்க விட்டா மலிவுதானே?"

பிரெக்சிற்றுக்கு முன் இந்தக் கணக்குச் சரி. 2021 இலிருந்து புதிதாகப் போகும் ஐரோப்பிய மாணவர் அங்கே சர்வதேச மாணவர். உள்ளூர் மாணவருக்கு இங்கிலாந்தில் 9,535 பவுண் என்றால், விஞ்ஞானப் பாடங்களுக்குச் சர்வதேசக் கட்டணம் பல இடங்களில் 25,000 ஐத் தாண்டும். மூன்று ஆண்டுக்கு 75,000 பவுண். அதற்கு மேல் விசா, ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம். மாமி மூன்று வேளையும் சமைத்துப் போட்டாலும் அந்தக் காசு மிஞ்சாது.

விதிவிலக்கு: குடும்பம் 2020 முடிவதற்கு முன்பே அங்கு போய்க் குடியிருந்து நிரந்தர அல்லது தற்காலிக வதிவிட அந்தஸ்து எடுத்திருந்தால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கக்கூடும். நெதர்லாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் லண்டனுக்கு இடம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் இதைப் பார்க்கவேண்டும். ஐரிஷ் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வசித்து வருபவருக்குப் பிரச்சினை இல்லை.

"எல்லாம் சேத்து மாசம் எவ்வளவு வேணும்?"

ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஜேர்மனிய விசாவுக்கு மாதம் 992 யூரோ என்ற கணக்கில் ஓராண்டுப் பணத்தை, அதாவது 11,904 யூரோவை, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்டவேண்டும். உங்கள் பிள்ளை அதைக் காட்டத் தேவையில்லை. ஆனாலும் அளவுகோலாக நல்ல எண். மியூனிக்கில் அது போதாது. லைப்சிக், யேனா, கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் மாணவர் விடுதி கிடைத்தால் அதற்குள் கொஞ்சம் மிச்சமும் வரும்.

பிரான்சில் படிக்கும் ஒன்றிய மாணவர் வாடகைக்கு அரச வீட்டு உதவிப் பணம் கேட்கலாம், இது பலருக்குத் தெரியாது. நெதர்லாந்தில் பகுதிநேர வேலைக்குப் போனால் அந்த நாட்டு மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். வேலை செய்யாதவரை இங்குள்ள ஐரோப்பியச் சுகாதார அட்டை போதும். என் மகன் இது தெரியாமல் சுப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கப் போய்ப் பிறகு பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டினான்.

"ஆங்கிலத்தில மட்டும் படிச்சா காணாதோ? இன்னொரு மொழி படிக்கச் சொன்னா பிள்ளை அழுவாள்."

காணும், ஆனால் தெரிவு சுருங்கும். முதல் பட்டத்தை ஆங்கிலத்தில், குறைந்த கட்டணத்தில், விஞ்ஞானத்தில் என்று மூன்றும் வேண்டுமென்றால் முதலில் வருவது நெதர்லாந்தும் அயர்லாந்தும். டெல்ஃப்ற்றின் விண்வெளிப் பொறியியல், குரோனிங்கனின் பௌதிகவியல் போன்றவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. டெல்ஃப்ற் பாடத்துக்கு 440 இடம்தான், தெரிவுப் பரீட்சை உண்டு. இத்தாலியிலும் சில உண்டு, அதற்குத் தனிக் கேள்வி கீழே. ஜேர்மனியிலும் நோர்டிக் நாடுகளிலும் ஆங்கிலத்தில் நிறைய இருப்பது முதுநிலைப் பட்டத்தில். முதல் பட்டத்தில் மிகக் குறைவு.

"பெர்லினில் ஆங்கிலத்தில் கணினி விஞ்ஞானம்" என்று இணையத்தில் கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள் வரும். திறந்து பார்த்தால் ஆண்டுக்கு பத்தாயிரத்தைத் தாண்டும் தனியார் கல்லூரி. ஜேர்மனி என்றதும் இலவசம் என்று நம்பிக் கையெழுத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

"மகளுக்கு 14 வயசு. டொச் இப்ப தொடங்கினா பிந்திப் போச்சோ?"

இதைவிட நல்ல வயது இல்லை. ஜேர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பொதுவாக சி1 என்ற உயர் தரம் கேட்பார்கள். பள்ளியில் இரண்டாம் வெளிநாட்டு மொழியாக எடுத்து, கோடையில் இரண்டு மூன்று வாரம் சொந்தக்காரர் வீட்டில் நின்று வந்தால் 18 வயதில் அதற்கு ஒரு படி கீழான பி2 க்கு வரலாம். மீதிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு. என் இளையவள் அப்படித்தான். பள்ளி முடித்து ஓராண்டு வியன்னாவில் மொழி மட்டும் படித்தாள். அந்த ஓராண்டை "வீணாப் போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அவள் இப்போது ஒரு ரியூஷன் நிலையத்தில் பள்ளி மாணவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைத் தானே பார்க்கிறாள். மொழி இல்லாமல் அந்த வேலை கிடைத்திராது.

ஜேர்மனியில் தன்னார்வச் சமூகசேவை ஆண்டு என்று ஒன்று உண்டு. கைச்செலவுக்குக் காசு தருவார்கள், பல இடங்களில் தங்குமிடமும் உண்டு. முதியோர் இல்லத்தில் ஓராண்டு வேலை செய்த பிள்ளை பேசும் டொச், வகுப்பில் இருந்து படித்ததைவிட நன்றாக இருக்கும்.

"ரேங்கிங்கில முதல் நூறுக்குள்ள இல்லாத கம்பசுக்குப் போறது வேலையில்லாத வேலை எண்டு தம்பி சொல்லுறான்."

தம்பி பார்ப்பது பெரும்பாலும் ஷாங்காய் பட்டியலாக இருக்கும். 2003 இல் தொடங்கியது. அதில் 30 வீதம் நோபல், ஃபீல்ட்ஸ் பரிசு பெற்றவர்களுக்கு, இன்னொரு 20 வீதம் நேச்சர், சயன்ஸ் என்ற இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு யார் வகையீடு சொல்லிக்கொடுக்கிறார், பயிற்சி வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கு அதில் ஒரு புள்ளியும் இல்லை.

முதல் பட்டத்தில் பௌதிகவியலும் கணிதமும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். குவாண்டம் விசையியல் லைப்சிக்கில் வேறு, சூரிச்சில் வேறு என்று இல்லை. 1999 இல் பொலோஞ்ஞாவில் அமைச்சர்கள் கையெழுத்திட்ட பிறகு 180 கிரெடிட் மூன்றாண்டுப் பட்டம் என்பது ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. பெயரும் ஆய்வுகூடமும் உதவுவது முதுநிலையில். மலிவான நகரத்தில் நல்ல புள்ளியோடு முதல் பட்டம் முடித்து, பிறகு பெரிய பெயருக்குத் தாவுங்கள். வியன்னாவின் அன்டன் சைலிங்கர் 2022 இல் பௌதிக நோபல் வாங்கியபோது எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். மகளுக்கு அவர் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை என்பது வேறு கதை.

"இத்தாலியில வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் கட்டணமே இல்லையாம், உண்மையோ?"

உண்மை. அரச பல்கலைக்கழகங்களில் குடும்ப நிலையைக் கணக்கிடும் "இசே" என்ற எண் 22,000 யூரோவுக்குக் கீழ் என்றால் முதலாண்டுக் கட்டணம் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் இந்த எல்லையை இன்னும் உயர்த்தியிருக்கின்றன. அதற்கு மேல் போகப்போகக் கட்டணம் படிப்படியாக ஏறும். இசே என்பது சம்பளம் மட்டும் அல்ல. வங்கி இருப்பு, வீடு, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் சேரும். நான்கு பேர் கொண்ட சாதாரண குடும்பத்தின் இசே அவர்களுடைய வருமானத்தைவிட நன்றாகக் குறையும். இதற்கு வெளியே மாகாணப் புலமைப்பரிசில் உண்டு, எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. கிடைத்தால் விடுதியும் சாப்பாடும் சேர்ந்து வரலாம்.

சிரமம் கடதாசியில் இருக்கிறது. வெளிநாட்டில் உழைக்கும் பெற்றோர் வரி அறிக்கை, வங்கி இருப்பு எல்லாவற்றையும் இத்தாலிய மொழியில் பெயர்த்து "சமநிலை இசே" எடுக்கவேண்டும். அதைச் செய்து தருவது "காஃப்" என்ற வரி உதவி மையம். பிரான்சில் காஃப் என்றால் குழந்தைப் பணமும் வீட்டு உதவியும் தரும் அலுவலகம். ஒரு தகப்பன் இரண்டு வாரமாகப் பிரெஞ்சுக் காஃபுக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தார்.

பீசாவின் ஸ்குவோலா நோர்மாலே பற்றியும் கேட்பார்கள். என்ரிக்கோ ஃபெர்மி படித்த இடம். நுழைவுப் பரீட்சை மிகக் கடினம், சித்தியடைந்தால் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். ஒலிம்பியாட் கணக்குகளை விளையாட்டாகச் செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

"சூரிச் ஈ.டி.எச் தான் என்ர மகன்ர கனவு. ஐன்ஸ்டைன் படிச்ச இடமாமே."

படித்த இடம்தான். சுவிசில் வளர்ந்து மத்தூரா என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடித்த பிள்ளைக்கு இது அருமையான தெரிவு. நேரடி அனுமதி, செமஸ்டருக்கு 730 பிராங்க். படிக்கவென்று வெளியிலிருந்து வருபவருக்கு 2025 இலையுதிர் காலத்திலிருந்து அது மூன்று மடங்கு, 2,190 பிராங்க். லொசானின் ஈ.பி.எஃப்.எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. அதைக்கூடச் சமாளிக்கலாம். சூரிச்சில் மாதம் 2,000 பிராங்க் வாழ்க்கைச் செலவு என்பதைத்தான் சமாளிக்க முடியாது. முதல் பட்டம் சூரிச்சில் டொச், லொசானில் பிரெஞ்சு. முதலாண்டு முடிவில் ஒரு பெரிய வடிகட்டல் பரீட்சையும் உண்டு. கனவைக் கலைக்கவேண்டாம், மூன்று ஆண்டு தள்ளி வையுங்கள்.

"அனுமதி வந்திட்டுது, அறை கிடைக்கேல்லை. போய்ப் பாத்து எடுக்கலாமோ?"

நெதர்லாந்து என்றால் வேண்டாம். குறிப்பிட்ட திகதிக்குள் அறை கிடைக்காவிட்டால் வராதீர்கள் என்று சில பல்கலைக்கழகங்களே மாணவருக்கு எழுதுகின்றன. டப்ளினிலும் இதே கதை. விண்ணப்பம் போட்ட அன்றே விடுதிக்கும் பதியுங்கள், அனுமதி வரும்வரை காத்திருக்கவேண்டாம். ஜேர்மனியில் மாணவர் சேவை அமைப்பின் விடுதி வரிசை பல நகரங்களில் ஒன்றிரண்டு செமஸ்டர் நீளும்.

அறையைப் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். எங்கள் மகன் படத்தைப் பார்த்து மயங்கி 700 யூரோ முற்பணம் அனுப்பினான். "வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும்" என்றார்கள். சாவி இன்னும் வருகிறது. சொந்தக்காரர் இருக்கும் நகரத்தைத் தெரிவு செய்வதில் வெட்கம் இல்லை, முதல் மூன்று மாதத்துக்காவது. ஒரு மணி நேர ரயில் தூரம் என்றாலும் பரவாயில்லை.

"ஃபெயில் விட்டா என்ன? இன்னொருக்கா எழுதலாம்தானே?"

நாட்டுக்கு நாடு விதி வேறு. இதைச் சேர முன்பே வாசிக்கவேண்டும். நெதர்லாந்தில் முதலாண்டின் 60 கிரெடிட்டில் பெரும்பாலும் 40 முதல் 45 எடுக்காவிட்டால் அந்தப் பாடத்திலிருந்து வெளியேற்றுவார்கள். ஜேர்மனியில் பௌதிகவியலுக்கும் கணிதத்துக்கும் பல இடங்களில் யார் கேட்டாலும் இடம் கொடுப்பார்கள், வடிகட்டல் உள்ளே நடக்கும். வாரா வாரம் பயிற்சித்தாள், அதில் பாதிப் புள்ளி எடுத்தால்தான் பரீட்சைக்கே விடுவார்கள். ஒரு கட்டாயப் பாடத்தில் அனுமதிக்கப்பட்ட தடவைகளும், வழக்கமாக அது மூன்று, தோற்றால் அதே படிப்பை ஜேர்மனியில் வேறெங்கும் தொடர முடியாது. ஆஸ்திரியாவில் கொஞ்சம் இளக்கம். ஆனால் குறித்த காலத்துக்கு மேல் இரண்டு செமஸ்டர் தாண்டினால் செமஸ்டருக்கு 363.36 யூரோ.

பள்ளியில் இருபதுக்கு 18, 19 எடுத்த பிள்ளை முதல் பயிற்சித்தாளில் பாதிகூட வராமல் அழுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக் கணிதம் விடை காண்பது, அங்கே நிறுவல் எழுதுவது. தனியாகச் செய்யும் பிள்ளைகள்தான் விழுகிறார்கள். சேர்ந்து படிக்க நாலு பேர் கிடைத்துவிட்டால் தப்பிவிடும்.

"இங்க கிடைக்கிற மாணவர் உதவிப் பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமோ?"

பல நாடுகளில் முடியும், கேட்பவர்தான் குறைவு. ஜேர்மனியின் பாஃபோக் உதவி, ஒன்றியத்திலும் சுவிசிலும் முழுப் பட்டத்துக்கும் கிடைக்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு அதன் வருமான எல்லை தளர்வு, உள்ளூரில் "இல்லை" என்று சொல்லப்பட்ட குடும்பத்துக்கும் கிடைக்கலாம். நோர்வே, சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து ஆகியவையும் நிபந்தனைகளோடு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவுகின்றன. நோர்வேயில் சித்தியடையச் சித்தியடையக் கடனின் ஒரு பகுதி புலமைப்பரிசிலாக மாறும். பிரான்சில் வருமான அடிப்படையிலான உதவிப் பணத்தையும் தகுதியான ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக வழி உண்டு.

"பௌதிகவியல் படிச்சு என்ன செய்யிறது? மெடிசின் எண்டாலும் பரவாயில்லை, ருமேனியாவில போட்டாலும்."

மருத்துவம் முதலில். ஒன்றிய நாடொன்றின் மருத்துவப் பட்டம் மற்ற ஒன்றிய நாடுகளில் தானாகவே ஏற்கப்படும், அது சட்டம். ஆனால் கிழக்கு ஐரோப்பாவில் ஆங்கில வழி மருத்துவம் மலிவல்ல, ஆறு ஆண்டு, திரும்பி வந்து நோயாளியோடு பேச மொழிச் சான்றிதழும் வேண்டும். பிள்ளைக்கே விருப்பம் என்றால் பேசுவோம். உங்களுக்கு விருப்பம் என்றால் இந்தப் பக்கம் உதவாது.

பௌதிகவியல் படித்தவர் வேலையில்லாமல் நிற்பதை நான் கண்டதில்லை. ஐந்தோவன் பக்கத்தில் சிப் இயந்திரம் செய்யும் ஏ.எஸ்.எம்.எல், காப்புறுதிக் கம்பெனிகள், மென்பொருள். மியூனிக்கில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் விஞ்ஞானப் பட்டதாரிகளைப் பரிசோதகர்களாக எடுக்கிறது. அங்கே வேலை மொழிகள் ஆங்கிலம், டொச், பிரெஞ்சு. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் 18 வயதிலேயே இந்த மூன்றில் இரண்டோடு நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் முனைவர் பட்ட மாணவருக்குப் பெரும்பாலும் சம்பளமே கொடுப்பார்கள்.

"எப்ப விண்ணப்பிக்கிறது? சோதினை முடியட்டும் எண்டு இருக்கிறம்."

சோதினை முடிய முன் பாதிக் கதவு மூடிவிடும். சுவீடனும் நெதர்லாந்தின் இடம் மட்டுப்பட்ட பாடங்களும் ஜனவரி 15. அயர்லாந்து பெப்ரவரி 1. பிரான்சின் பார்க்கூர்சுப் என்ற அரச அனுமதித் தளம் மார்ச் நடுப்பகுதி, டென்மார்க் மார்ச் 15. நெதர்லாந்தின் மற்றப் பாடங்கள் மே 1. ஜேர்மனி வழக்கமாக ஜூலை 15, ஆஸ்திரியாவில் பரீட்சை இல்லாத பாடங்களுக்குச் செப்டெம்பர் 5. இந்தக் கடைசி இரண்டும் பெறுபேறு வந்தபிறகும் திறந்திருப்பதால்தான் பார்க்கூர்சுப்பில் மனமுடைந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் அவற்றைச் சொல்வது. ஜேர்மனிக்கு ஊனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப நிலையம் வழியாகப் போகும் விண்ணப்பத்துக்கு முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்தவற்றுக்கு 30.

"ஏஜென்சி ஒண்டு 600 யூரோவுக்கு எல்லாம் செய்து தாறன் எண்டுது, குடுக்கலாமோ?"

மேலே உள்ள 75 யும் 30 யும் பாருங்கள். மீதி எதற்கு?

"சரி அக்கா, கடைசியா ஒண்டு. அவள் போகத்தான் வேணுமோ? தனிய விடப் பயமாக் கிடக்கு."

போகவேண்டிய கட்டாயம் இல்லை. பிரான்சில் இருந்தால் கிரனோபிளும் ஸ்திராஸ்பூர்க்கும் பாரி-சக்லேயும் ஆண்டுக்கு அதே 178 யூரோதான். வீட்டிலிருந்து முதல் இரண்டாண்டு படித்து, மூன்றாம் ஆண்டில் எராஸ்முஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் வழியாக ஒரு செமஸ்டரோ இரண்டோ வெளியே போய் வரலாம். போகும் இடத்தில் கட்டணம் இல்லை, கையிலும் கொஞ்சம் காசு தருவார்கள். அதில் பிடித்துப்போனால் முதுநிலைக்கு அந்த ஊருக்கே போகட்டும்.

பயத்தைப் பற்றிக் கேட்டால், என் இளையவள் போன முதல் மாதம் நான் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தேன். இரண்டாம் மாதம் அவள் எடுக்கவில்லை. பதறிப்போய் அவளோடு படிக்கும் இன்னொரு பிள்ளைக்கு அடித்தால், பயிற்சித்தாள் வியாழன் காலை கொடுக்கவேண்டும், புதன் இரவில் யாரும் ஃபோன் எடுப்பதில்லை என்றது. இப்போது நான் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன்.